முதல் புத்தக அலமாரியை எதில் வரைவது?

ஒரு புத்தக அலமாரியை எடுத்துக்கொள்வோம். உயரம் 1500 மி.மீ., அகலம் 800, ஆழம் 300. பலகை 18 மி.மீ. பிளைவுட். இரண்டு பக்கப் பலகை, மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் மூன்று தட்டு, பின்பக்கம் மூட 6 மி.மீ. பலகை. வீட்டில் மரவேலை பழகுகிறவர்கள் ஸ்டூல், சின்ன ஸ்டாண்டு என்று ஆரம்பித்து, அடுத்துக் கை வைப்பது பெரும்பாலும் இதில்தான். எந்த மென்பொருளில் வரையலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு இந்த ஒரு அலமாரியை வைத்துத்தான் பதில் சொல்வேன். இங்கேயும் அப்படியே செய்கிறேன்.

வரையாமலேயே செய்ய முடியாதா என்றால், முடியும். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 8க்கு 4 அடி ஷீட் என்பது 2440க்கு 1220 மி.மீ. ஆழம் ஒரு அடி என்று வைத்தால் ஷீட்டின் அகலத்தில் நான்கு பட்டை கிடைக்கும் என்று மனக்கணக்கு சொல்லும். கிடைக்காது. ரம்பம் ஒவ்வொரு முறையும் சுமார் 3 மி.மீ. தின்றுவிடும். நான்கு பட்டைக்கு 1219, மூன்று அறுப்புக்கு 9, மொத்தம் 1228. கடைசிப் பட்டையில் 8 மி.மீ. குறையும். அதே ஆழத்தை 300 என்று வைத்தால் நான்கும் வந்துவிடும். அதிலும் நம் அலமாரிக்கு மூன்று பட்டைதான் செலவு: முதல் இரண்டில் ஒரு பக்கப் பலகையும் (1500) ஒரு தட்டும் (800இல் இரண்டு பக்கத் தடிமன் 36 போக 764) வரும், மூன்றாவதில் மூன்று தட்டு. மேல், கீழ்ப் பலகைகளும் இதே அளவுதான் என்பதால் அவற்றையும் சேர்த்து ஐந்து தட்டு என்று கணக்கு. நாலாவது பட்டை முழுசாக மிஞ்சும், அதில் ஒரு டிராயர் செய்துகொள்ளலாம். பலகையை அறுப்பதற்கு முன்பே இதெல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வரைவது அதற்காகத்தான்.

அதனால் ஒரு மென்பொருளைப் பார்க்கும்போது எனக்கு முக்கியமானவை மூன்றே விஷயங்கள். மில்லிமீட்டரை நேரடியாகத் தட்டச்சு செய்து வரைய முடிகிறதா? வரைந்ததிலிருந்து அறுக்க வேண்டிய அளவுகளைச் சிரமமில்லாமல் எடுக்க முடிகிறதா? கடைசி நேரத்தில் ஒரு அளவு மாறினால் எவ்வளவு வேலை திரும்பச் செய்ய வேண்டும்? படம் எவ்வளவு அழகாகத் தெரிகிறது, மரத்தின் ரேகை தத்ரூபமாக இருக்கிறதா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஸ்கெட்ச்அப்

மரவேலைக்காரர்களிடம் அதிகம் புழங்கும் பெயர் இதுதான். 2000இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு சின்ன நிறுவனம் வெளியிட்டது. 2006இல் கூகுள் வாங்கி, இலவசப் பதிப்பு ஒன்றை எல்லோருக்கும் கொடுத்தது. 2012இல் ட்ரிம்பிள் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது. அந்த இலவச வருடங்களில் உலகம் முழுக்க வீட்டு மரவேலைக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் நாற்காலி முதல் கட்டில் வரை எதை எப்படி வரைவது என்று தேடினாலும் இதில் பாடம் கிடைக்கிறது. கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய துணை.

ஆனால் அந்தப் பாடங்களில் ஒரு குழப்பம் இருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியில் நிறுவிக்கொள்ளும் இலவசப் பதிப்பு 2017உடன் நின்றுவிட்டது. இப்போது இலவசமாகக் கிடைப்பது உலாவியில் திறக்கும் ஸ்கெட்ச்அப் ஃப்ரீ. பழைய வீடியோக்களில் காட்டும் கூடுதல் இணைப்புகள் எதையும் இதில் சேர்க்க முடியாது. வீடியோவில் இருக்கும் பட்டன் உங்கள் திரையில் இல்லை என்றால் நீங்கள் தவறு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அது வேறு பதிப்பு.

நம் அலமாரியை இதில் வரைவது உண்மையிலேயே சுகமான வேலை. மி.மீ. டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்து, செவ்வகக் கருவியை எடுத்து, சுட்டியை லேசாக இழுத்துவிட்டு 1500,300 என்று தட்டி என்டர். புஷ்-புல் கருவியால் அதைப் பிடித்து இழுத்து 18 என்று தட்டினால் பக்கப் பலகை தயார். அளவை எங்கே தட்டுவது என்று பெட்டியைத் தேட வேண்டியதில்லை, தட்டினாலே எடுத்துக்கொள்ளும். தட்டுகளை நிரப்புவது எனக்கு இதில் மிகவும் பிடித்தது. கீழ்த்தட்டை நகல் எடுத்து மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, உடனே /4 என்று தட்டினால் நடுவில் சம இடைவெளியில் மூன்று தட்டுகள் வந்து உட்கார்ந்துவிடும். காகிதத்தில் இந்த இடைவெளிக் கணக்கில் தடுமாறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரே ஒரு ஒழுக்கம் வேண்டும். ஒவ்வொரு பலகையையும் வரைந்த கையோடு, அடுத்ததைத் தொடுவதற்கு முன், அதை ஒரு காம்பொனென்ட் (தனித்து நிற்கும் ஒரு பொருள்) ஆக்கிவிட வேண்டும். ஆக்காவிட்டால் பக்கத்தில் வரையும் பலகை அதோடு ஒட்டிக்கொள்ளும். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று இழுபடும், பிரிக்கவே முடியாது. ஸ்கெட்ச்அப் பிடிக்கவில்லை என்று விட்டுப்போன பலரும் இந்த இடத்தில்தான் விட்டிருக்கிறார்கள். காம்பொனென்ட் ஆக்கினால் இன்னொரு லாபமும் உண்டு. ஐந்து தட்டும் ஒரே காம்பொனென்ட்டின் நகல்கள் என்பதால், ஒன்றைத் திருத்தினால் ஐந்தும் திருந்தும்.

அறுப்புப் பட்டியலை இலவசப் பதிப்பு தானாகத் தராது. ஓபன்கட்லிஸ்ட் என்ற அருமையான இலவச இணைப்பு இருக்கிறது, ஆனால் அது கணினியில் நிறுவும் பதிப்பில்தான் ஓடும், அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஏழு பலகையும் ஒரு பின்பலகையும் கொண்ட அலமாரிக்கு நோட்டில் எழுதிக்கொள்வது பெரிய பாரமில்லை. எழுதியதை கட்லிஸ்ட் ஆப்டிமைசர் என்ற இணையக் கருவியில் போட்டால், ரம்பத்தின் தடிமனையும் ரேகை போகும் திசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு ஷீட்டில் எங்கே எதை அறுக்கலாம் என்று படம் போட்டுக் காட்டும். சமையலறை முழுக்க அலமாரி, முப்பது நாற்பது துண்டு என்றால் கையால் எழுதும்போது ஒன்றாவது விட்டுப்போகும்.

அளவு மாறும்போது

என் வீட்டில் ஒரு தூணுக்கும் சுவருக்கும் நடுவே 802 மி.மீ. இடம் இருந்தது. 800 அகலத்தில் ஓர் அலமாரி வரைந்தேன், மேலே சொன்ன அதே கணக்கு. உள்தட்டு 764. எல்லாம் அறுத்து, மைக்கா ஒட்டி, பொருத்தினேன். இடத்தில் நுழையவில்லை. மைக்காவை வரைபடத்தில் சேர்க்காமல் விட்டிருந்தேன். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும் என்று பக்கப் பலகைகளின் வெளிப்புறம் 1 மி.மீ., உட்புறம் 0.8 மி.மீ. என இரண்டு முகத்திலும் ஒட்டியிருந்தேன். 18 ஆக இருந்த பலகை 19.8 ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் சேர்த்து மொத்த அகலம் 803.6. திரும்பப் பிரித்து, ஐந்து தட்டிலும் 4 மி.மீ. குறைத்து, ஓரப் பட்டையை மறுபடி ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது.

ஸ்கெட்ச்அப் மேல் தவறில்லை, நான் சொன்னதைத்தான் அது வரைந்தது. ஆனாலும் அன்றைக்குப் பிறகு, அளவு மாறினால் எவ்வளவு வேலை என்ற அந்த மூன்றாவது கேள்வியின் எடை எனக்கு மாறிவிட்டது. பலகையின் தடிமன் வரைபடம் முழுக்கப் பரவியிருக்கிற ஒரு எண். அது மாறினால் தட்டின் நீளம் மாறும், டிராயர் வாய் மாறும், டிராயர் பெட்டி மாறும், கதவு மாறும். கடையிலும் 18 இருக்கிறது, 19 இருக்கிறது. தச்சர்கள் முக்கால் இஞ்ச் என்று சொல்லும்போது, அதாவது ஆறு நூல், இரண்டில் எதையும் குறிக்கலாம். பலகை கைக்கு வரும்வரை சரியான எண் தெரியாது என்பதுதான் நடப்பு.

ஃப்ரீகேட் மாதிரியான மென்பொருள்கள் இந்த இடத்தில்தான் வேறுபடுகின்றன. இவற்றில் தட்டின் நீளத்தை 764 என்று எழுதுவதில்லை. மொத்த அகலத்திலிருந்து இரண்டு பக்கத் தடிமனைக் கழித்தது என்று எழுதுகிறோம். தடிமன் எங்கேயோ ஒரே இடத்தில் இருக்கும். அதை மாற்றினால் அலமாரி முழுவதும் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும்.

ஃப்ரீகேட்

2002இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், இணையம் தேவையில்லை. எத்தனை கோப்பு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நாளைக்கே அக்கம்பக்கத்தில் நாலு பேருக்குச் செய்துகொடுத்துப் பணம் வாங்க ஆரம்பித்தாலும் உரிமம் பற்றிய கவலை இல்லை. மற்ற இலவசப் பதிப்புகள் பெரும்பாலும் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வருகின்றன. கைவேலை மெல்ல வருமானமாக மாறும் நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

இதில் விரிதாள் ஒன்று உள்ளேயே இருக்கிறது. அகலம், உயரம், ஆழம், தடிமன், வெளி மைக்கா, உள் மைக்கா என்று ஆறு கட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டு, பலகைகளை வரையும்போது எண்ணுக்குப் பதில் அந்தப் பெயரைக் கொடுக்க வேண்டும். என் அலமாரியை இப்படித் திரும்ப வரைந்து பார்த்தேன். மைக்கா கட்டங்களில் 1, 0.8 என்று போட்டதும் தட்டின் நீளம் 760.4 ஆனது. ஞாயிற்றுக்கிழமை வேலை பத்து வினாடியில் முடிந்தது.

மரவேலைக்கென்றே வுட்வொர்க்கிங் என்ற கூடுதல் இணைப்பும் உண்டு. ஃப்ரீகேட்டுக்குள் இருக்கும் இணைப்பு மேலாளரிலிருந்தே நிறுவலாம். பலகைகளைச் சட்டென்று உருவாக்கவும், கடைசியில் அறுப்புப் பட்டியலை எடுக்கவும் அதில் கருவிகள் இருக்கின்றன. அளவுகளோடு அச்சிட்ட படம் வேண்டுமானால் டெக்டிரா என்ற பகுதி இருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் சுவரில் ஒட்டிவைக்க அதைத்தான் நான் எடுக்கிறேன்.

ஆனால் இது லேசில் பிடிபடாது. திறந்தவுடன் வொர்க்பெஞ்ச் என்று, அதாவது ஒவ்வொரு வகை வேலைக்கும் ஒரு கருவித் தொகுப்பு என்று, ஒரு நீண்ட பட்டியல் வரும், எதில் ஆரம்பிப்பது என்றே தெரியாது. ஒரு செவ்வகம் வரைந்தால் போதாது, அது எங்கே நிற்கிறது, எவ்வளவு நீளம், எதற்கு நேராக என்று ஒவ்வொன்றையும் கட்டுப்படுத்த வேண்டும். எல்லாம் சரியாகக் கட்டுப்பட்டால்தான் கோடுகள் பச்சையாக மாறும். முன்பெல்லாம் வேறு ஒரு தொல்லையும் இருந்தது. ஆரம்பத்தில் வரைந்த ஒன்றைத் திருத்தினால் அதை நம்பியிருந்த பின்னாளைய வேலைகள் இடம் மாறி உடைந்துபோகும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு அதைப் பெருமளவு சரிசெய்திருக்கிறது. அதனால் பழைய பதிப்பில் முயன்று கைவிட்டவர்கள் இன்னொரு முறை பார்க்கலாம். எனக்கு ஸ்கெட்ச்அப் இரண்டு மாலையில் வசப்பட்டது, ஃப்ரீகேட்டுக்கு ஏறக்குறைய மூன்று வாரத்து மாலைகள் ஆயின. அந்த மூன்று வாரத்தில் ஒரு பலகைகூட அறுக்கவில்லை. இதை நினைத்துத்தான் புதிதாக வருகிறவரிடம் ஃப்ரீகேட்டை முதலில் நீட்டத் தயங்குகிறேன். ஆர்வம் மரத்தின் மேல், அது திரையில் தீர்ந்துவிடக் கூடாது.

ஃபியூஷன், ஆன்ஷேப்

ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஃபியூஷனும் இதே வகைதான், ஃபியூஷன் 360 என்ற பெயரில்தான் பலருக்கும் தெரியும். எண்களுக்குப் பெயர் வைத்து வரையலாம், கீழே ஒரு காலவரிசையில் நீங்கள் செய்த ஒவ்வொரு படியும் நிற்கும், பின்னால் போய்த் திருத்தலாம். ஃப்ரீகேட்டை விட வழவழப்பாக இருக்கிறது, பாடங்களும் நிறைய. சொந்த உபயோகத்துக்கு இலவச உரிமம் உண்டு. ஒரே நேரத்தில் பத்து கோப்புகளை மட்டுமே திருத்தும் நிலையில் வைத்திருக்கலாம், மற்றவற்றை ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டு வேலைக்கு அது ஒரு தடையே இல்லை. தடை கணினிதான். பழைய லேப்டாப்பில் இது திணறும். கோப்புகளும் அவர்கள் மேகக் கணினியில்தான் இருக்கும்.

சி.என்.சி. ரவுட்டர், அதாவது கணினி சொல்கிறபடி பலகையை அறுக்கும் எந்திரம், பக்கம் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் ஃபியூஷனை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். எந்திரம் எந்த வழியில் அறுக்க வேண்டும் என்பதையும் இதற்குள்ளேயே வகுக்கலாம். பெரிய ஊர்களில் பிளைவுட்டை எந்திரத்தில் அறுத்துத் தரும் கடைகள் இருக்கின்றன, அவர்கள் கேட்பது டிஎக்ஸ்எஃப் (DXF) என்ற வகை வரைபடக் கோப்பு. ஃபியூஷனும் ஃப்ரீகேட்டும் அதைத் தரும், ஸ்கெட்ச்அப்பின் இலவசப் பதிப்பு தராது. அப்படிக் கொடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். எந்திரத்தின் பிட் உருண்டையானது, 6 மி.மீ. பிட் உள்மூலையில் 3 மி.மீ. வளைவை விட்டுவைக்கும். சதுரமான பலகை நுனி அதில் முழுசாக உட்காராது, மூலையைக் கொஞ்சம் கூடுதலாகத் தோண்டும்படி வரைந்து கொடுக்க வேண்டும்.

கணினி பழையது, ஆனாலும் எண் மாற்றினால் எல்லாம் மாறும் வசதி வேண்டும் என்றால் ஆன்ஷேப் இருக்கிறது. உலாவியில் ஓடும், கைப்பேசிச் செயலியும் உண்டு. இலவசத் திட்டத்தில் நீங்கள் வரைவதெல்லாம் பொதுவெளியில் யாரும் பார்க்கும்படி இருக்கும். புத்தக அலமாரியில் ரகசியம் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்குச் சரி. வீட்டின் அளவுகளைச் சேர்த்து வரைவதாக இருந்தால் எனக்கு மனம் ஒப்பாது.

மற்றவை

டிங்கர்கேட் குழந்தைகளுக்கு நல்லது. கட்டைகளைச் சேர்ப்பது, கட்டைகளால் துளை போடுவது, அவ்வளவுதான், அரை மணியில் கை வந்துவிடும். ஆனால் 3டி அச்சுக்காகப் பிறந்தது, திறந்ததும் வரும் தளமே 200 மி.மீ. சதுரம். பேனா ஸ்டாண்டு, பறவைக் கூடு வரை பரவாயில்லை. ஐந்தடி அலமாரிக்கு வேண்டாம்.

ஸ்வீட் ஹோம் 3டி அலமாரியை வரைய உதவாது. அலமாரி அறையில் எங்கே நிற்கும், கதவு திறந்தால் இடிக்குமா என்று பார்க்க உதவும். இலவசம், எளிது. வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போகும் நேரத்தில் இதைத் திறந்து ஒரு மாலை உட்கார்ந்தால் தேவையில்லாத இரண்டு சாமான்களாவது குறையும்.

கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்குக் கிராஃப் தாளைத்தான் சொல்வேன், மனதாரவே சொல்கிறேன். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்தால் நம் அலமாரி 150க்கு 80 மி.மீ., ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், ஷீட்டில் அறுக்கும் படம், மூன்று தாள். மென்பொருள் பழகுகிறவர்களும் முதல் அலமாரியை இப்படி ஒரு முறை வரைந்துவிட்டு உட்கார்ந்தால் திரையில் பாதி நேரம் மிச்சம்.

இவற்றில் எதுவும் உங்களுக்குச் சொல்லாத விஷயங்களும் இருக்கின்றன. தட்டு புத்தகப் பாரத்தில் தொய்யுமா என்பதை எந்தப் படமும் காட்டாது. 18 மி.மீ. பிளைவுட்டில் புத்தகத்துக்கான தட்டை ஏறக்குறைய இரண்டரை அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் நான் விடுவதில்லை. சந்தேகம் இருந்தால் சாகுலேட்டர் என்ற இணையக் கணிப்பானில் நீளமும் தடிமனும் பாரமும் கொடுத்துப் பார்க்கலாம். டிராயருக்கும் அப்படித்தான். டிராயர் ஓடும் தண்டவாளமான டெலஸ்கோபிக் சேனல் வழக்கமாக ஒரு பக்கத்துக்கு அரை இஞ்ச் இடம் கேட்கும். வாய் 764 இருந்தால் பெட்டி 738தான் இருக்க வேண்டும். வாங்கப் போகும் சேனலைக் கையில் பிடித்து அளந்துவிட்டு வரைவது இன்னும் நல்லது.

ஆக, என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. முதல் இரண்டு மூன்று வேலையை ஸ்கெட்ச்அப் ஃப்ரீயில் வரையுங்கள், காம்பொனென்ட் ஒழுக்கத்தை மட்டும் விடாதீர்கள், தடிமனை மைக்காவோடு சேர்த்தே கொடுங்கள். டிராயரும் கதவும் வைத்த அலமாரிக்கு வரும்போது, ஒரே மாதிரிப் பொருளை வேறு வேறு அளவில் திரும்பச் செய்ய வேண்டி வரும்போது, அப்போது ஃப்ரீகேட்டைத் திறங்கள். அதற்குள் மரம் உங்களுக்குப் பழகியிருக்கும், மூன்று வாரம் உட்காரப் பொறுமையும் வந்திருக்கும்.

எதில் வரைந்தாலும் நான் இப்போது ஒரு வேலையை விடுவதில்லை. பலகை வீட்டுக்கு வந்ததும் தடிமனைத் துல்லியமாக அளக்கும் வெர்னியர் காலிப்பரை எடுத்து ஒரு ஓரம், நடு, மறு ஓரம் என்று மூன்று இடத்தில் அளக்கிறேன். மைக்காவையும் ஒரு துண்டு வாங்கி அளக்கிறேன். அந்த எண்களை வரைபடத்தில் போட்டு, தட்டின் நீளம் என்னவாக மாறுகிறது என்று பார்த்த பிறகுதான் பலகையில் பென்சில் வைக்கிறேன்.